காணாத ராசாவின் காணி

வன்னி மண்ணின் கதை – 14

கிளிநொச்சிப் பக்கம் கலியாணம் பேசினாலும் சரி, வங்கியில் கடன் கேட்டாலும் சரி, பேச்சு ஒரு கட்டத்துக்கு வந்ததும் அந்தக் கேள்வி விழும்: "காணி உறுதியோ, பேமிட்டோ?" யாழ்ப்பாணத்தில் தோம்புக் காலத்திலிருந்தே உறுதி எழுதி எழுதி, பரப்பும் குழியுமாகத் துண்டாடிச் சீதனம் கொடுத்த பழக்கம். வன்னியில் காணி ஏக்கர் கணக்கில் கிடக்கும். கையில் இருப்பது பெரும்பாலும் பேமிட்.

என் பெரியம்மாவின் பேமிட்டைச் சில மாதங்களுக்கு முன் விரித்துப் பார்த்தேன். உரப்பைக்குள் ஒரு பொலித்தீன், அதற்குள் பழைய கலண்டர்த் தாள், அதற்குள் பேமிட். மடிப்புகளில் ஒட்டிய செலோரேப் தேன் நிறமாகிக் காய்ந்து, தொட்டால் உதிர்கிறது. இடம்பெயர்ந்த ஒவ்வொரு தடவையும் தோட்டைக் கழற்றிப் பையில் போட முன்னமே இதைத்தான் இடுப்பில் செருகிக்கொண்டாராம். விற்கக் கூடாது, பிரிக்கக் கூடாது, பயிர் செய்யாமல் விடக் கூடாது என்று கூடாதுகள் வரிசையாக நின்றன. அவற்றுக்கு மேலே 'முடிக்குரிய காணி' என்று இருந்தது.

"முடி எண்டா என்ன தம்பி?" என்று கேட்டார்.

"ராசாவின்ரை முடி, பெரியம்மா."

"எந்த ராசா?"

பண்டாரவன்னியன் என்று சொல்லிவிட்டு எழும்பியிருக்கலாம். பொய்யாகியிருக்கும். வன்னியை ஒருநாளும் கண்ணால் காணாத, அது எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரியாத ராசாக்களின் முடி அது. அவர்களுக்கு இந்த மண்ணில் எப்படி உரிமை வந்தது என்பதுதான் இந்தக் கிழமைக் கதை.

முதலில் இங்கிலாந்துக்கு ஒருதடவை போய்வர வேண்டும். 1066இல் நோர்மண்டியிலிருந்து கடல் கடந்து வந்த வில்லியம், அந்த நாட்டைப் போரில் பிடித்தான். இருபது வருடம் கழித்து, 1086இல், ஊர் ஊராக ஆள் அனுப்பிக் கணக்கெடுத்தான்: எவ்வளவு நிலம், எத்தனை ஏர், எத்தனை மாடு, யார் கையில். 'டூம்ஸ்டே புத்தகம்' என்று பின்னாளில் பெயர் பெற்ற பதிவேடு அது. எங்கள் தோம்புக்குத் தூரத்து மூத்த அண்ணன். நாடு முழுவதும் ராசாவின் நிலம், மற்ற எல்லாரும் அவனிடமிருந்து பெற்று அனுபவிப்பவர்கள் என்ற கொள்கை அந்த வெற்றியோடு ஆங்கிலச் சட்டத்தில் வேர்விட்டது. பிறகு வந்த பிரபுக்கள் 1215இல் ஜோன் மன்னனை மடக்கி மாக்னா கார்ட்டாவில் முத்திரை வைக்கச் செய்தார்கள். 1649இல் சாள்ஸ் மன்னனின் தலையையே வெட்டினார்கள். 1689இல் நாடாளுமன்றத்தின் சம்மதமில்லாமல் வரி கேட்கக் கூடாது என்று சட்டம் எழுதினார்கள். ராசாவின் கை இப்படிக் குறுகிக்கொண்டே வந்தபோதும், நிலம் அடிப்படையில் முடியினது என்ற பழைய எண்ணத்தை யாரும் கிளறவில்லை. அது சட்டப் புத்தகத்துக்குள் சும்மா கிடந்தது. எண்ணூறு வருடம் கழித்து வன்னிக் காட்டில் அது எழும்பி நிற்கப் போகிறது என்று நினைக்க யாருக்கும் காரணம் இல்லை.

வன்னிக்கு முதலில் வந்தது ஆங்கிலேய முடி அல்ல, போர்த்துக்கேய முடி. அது வந்த கதை கொஞ்சம் விநோதமானது. கோட்டை அரசன் புவனேகபாகுவுக்குத் தன் மகள் வழிப் பேரன் தர்மபாலனை அரசனாக்க வேண்டும், தம்பி மாயாதுன்னையைத் தள்ளிவைக்க வேண்டும். 1540களின் தொடக்கத்தில் பேரனின் உருவத்தைச் சிலையாகச் செய்து தூதுவரிடம் கொடுத்து லிஸ்பனுக்கு அனுப்பினான். ஜோவாவோ மன்னன் அந்தப் பொம்மையின் தலையில் முடி சூட்டினான். அந்தக் காட்சியைச் செதுக்கிய தந்தப் பேழை ஒன்று இன்றும் ஜேர்மனியின் மியூனிக் நகரில் இருக்கிறது. முடி கொடுக்கிறவன் ஒருநாள் அதைத் திருப்பிக் கேட்பான் என்பதை யோசிக்கக் கோட்டை அரண்மனையில் யாருக்கும் அவகாசம் இருந்ததாகத் தெரியவில்லை.

அந்தப் பேரன் வளர்ந்து, 1557இல் ஞானஸ்நானம் பெற்று, டொன் ஜுவான் ஆனான். பிள்ளை இல்லை. கொழும்பில் போர்த்துக்கேயரின் நிழலில் இருந்தபடி 1580 ஓகஸ்டில் ஒரு நன்கொடைச் சாசனம் எழுதிக் கொடுத்தான்: தனக்குப் பின் தன் இராச்சியம் முழுவதும் போர்த்துக்கல் மன்னன் என்றிக்குக்கே. என்றிக் அந்த வருடம் ஜனவரியிலேயே செத்துப்போயிருந்தான். கப்பலில் செய்தி வந்து சேரவில்லை. இறந்த மனிதனுக்கு ஒரு நாட்டையே எழுதிக் கொடுத்த சாசனம் அது. பிறகு என்றிக்கின் இடத்துக்கு வந்த ஸ்பெயின் மன்னன் இரண்டாம் பிலிப்பின் பெயரில் அதை உறுதிப்படுத்திச் சரிக்கட்டினார்கள். 1597இல் தர்மபாலன் கண்மூடியதும் பிலிப்புதான் வாரிசு.

பிலிப்பை அவன் நாட்டவரே காகித ராசா என்று சொன்னார்கள். 1559க்குப் பிறகு ஐபீரியாவை விட்டு வெளியே கால் வைக்கவில்லை. மாட்றிட்டுக்குப் பக்கத்தில் எஸ்கோரியல் என்ற மடமும் மாளிகையுமான கட்டடத்தில் ஒரு சின்ன அறையில் இருந்து, மெக்சிக்கோவிலிருந்தும் கோவாவிலிருந்தும் வந்த கடிதங்களை இரவிரவாகப் படித்து, ஓரத்தில் குறிப்பெழுதி, எழுத்துப்பிழைகூடத் திருத்துவானாம். எனக்கு அவனைப் பற்றி வாசிக்கும்போதெல்லாம் பழைய கச்சேரித் தலைமை எழுதுவினைஞர் ஒருவரின் ஞாபகம்தான் வரும். ஐரோப்பிய முடியரசு உலகத்தை ஆண்ட விதத்தைப் புரிந்துகொள்ளப் போர்க்களத்தைவிட அந்த மேசை உதவும்.

இலங்கைக்கே சக்கரவர்த்தி என்று கோட்டை உரிமை பேசியது. அதனால் கோட்டையை எழுதி வாங்கியவன் தீவையே வாங்கிவிட்டதாக நினைத்தான். பனங்காமத்தையோ முள்ளியவளையையோ கரிக்கட்டுமூலையையோ யாரும் கேட்கவில்லை. போன பகுதியில் பார்த்த அந்த வன்னிமைகள், அதாவது வன்னியர் தலைவர்களின் பற்றுகள், யாழ்ப்பாண அரசுக்குத் திறை கொடுத்தும் கொடுக்காமலும் காலம் கழித்தவை. 1619இல் பிலிப்பே த ஒலிவேரா யாழ்ப்பாணத்தைப் பிடித்து இரண்டாம் சங்கிலியைக் கோவாவுக்குக் கொண்டுபோனதும், அந்தத் திறையை வாங்கும் இடத்தில் பறங்கி வந்து குந்தினான். வந்தவர்கள் புதிதாக எந்த உரிமையையும் கண்டுபிடிக்கவில்லை. முன்னிருந்த ராசா கழற்றி வைத்த செருப்புக்குள் காலை நுழைத்தார்கள். வன்னியில் அந்தச் செருப்பின் அளவு யானை.

யானை அரசனின் சொத்து என்பது இந்தத் தீவின் பழைய வழக்கம். வன்னியர் காட்டில் யானை பிடித்துத் திறையாகக் கொடுக்க வேண்டும். உயரத்தை முழக்கணக்கில் அளந்து, கொம்பு உண்டா இல்லையா என்று பார்த்து விலை போடுவார்கள். கடனீரேரியைக் கடத்திக் குடாநாட்டுக்குள் ஓட்டிப்போன வழிதான் ஆனையிறவு. அங்கிருந்து ஊர்காவற்றுறையில் கப்பலேற்றி இந்தியக் கரைகளுக்கு. இன்று ஏ-9இல் ஆனையிறவைத் தாண்டும்போது உப்பளத்தையும் போரையும் நினைக்கிறோம். இடத்தின் பெயர் நினைப்பது யானையை.

போர்த்துக்கேயருக்குப் பின்னால் வந்த ஒல்லாந்தரின் கதையில்தான் எனக்குச் சிரிப்பு வரும். ஒல்லாந்து மாகாணங்கள் பிலிப்பின் குடிகளாக இருந்தவை. குடிகளைக் காக்காமல் வதைப்பவன் ராசா அல்ல, அவனுக்குக் கீழ்ப்படியத் தேவையில்லை என்று 1581 யூலையில் ஒரு பிரகடனம் எழுதி அவனைக் கழற்றிவிட்டார்கள். தர்மபாலன் நாட்டை எழுதிக் கொடுத்து ஒரு வருடம் ஆகவில்லை. ஒரு கையால் கோட்டையை வாங்கிய அதே மனிதன் மறு கையால் ஒல்லாந்தை இழந்தான். இரண்டும் எழுத்தில் நடந்தவை. ராசா வேண்டாம் என்று சொன்ன அந்த ஒல்லாந்தரின் கொம்பனி 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்ததும் வன்னியரிடம் என்ன கேட்டது? ராசாக்கள் கேட்ட அதே யானையைத்தான்.

1697இல் யாழ்ப்பாணத்துத் தளபதி ஹென்றிக் ஸ்வார்டக்றூன் தனக்குப் பின் வருபவருக்கு எழுதி வைத்த குறிப்பேட்டில் வன்னியர் கொடுக்க வேண்டிய யானைகளைப் பற்றிப் பேசுகிறார். அதில் வரும் இரண்டு பெயர்கள்: டொன் பிலிப் நல்லமாப்பாணன், டொன் கஸ்பர் இலங்கைநாராயண மாப்பாணன். பிலிப்பு வம்சம் போர்த்துக்கல்லை இழந்து ஐம்பத்தேழு வருடம். ஆட்சி ஒல்லாந்தருடையது. ஆனாலும் பனையும் பாலையும் நின்ற ஒரு வன்னிக் காட்டில் டொன் பிலிப்பு இருந்தார். அந்தப் பெயர் மன்னனிடமிருந்து வந்ததோ, புனிதரிடமிருந்து வந்ததோ, முன்னுக்கு நின்ற 'டொன்' பட்டம் பறங்கி கொடுத்ததுதான். பின்னுக்கு நின்ற மாப்பாணன் பட்டம் அவருடையது.

ஒல்லாந்தர் இந்தப் பகுதியை அடங்காப்பற்று என்றே எழுதினார்கள். பெயர் பொய்யில்லை. 1780களில் லெப்டினன் தோமஸ் நாகெல் படையோடு வந்து வன்னிமைகளை அடக்கி நேரடி ஆட்சி நடத்தும்வரை, அவர்களுக்கு நூற்றிருபது வருடம் எடுத்தது.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. 1793 ஜனவரியில் பாரிசில் பதினாறாம் லூயியின் தலை விழுந்தது. புரட்சிப் படை 1795 ஜனவரியில் ஒல்லாந்துக்குள் நுழைந்ததும் அதன் தலைவர் ஐந்தாம் வில்லியம் மீன்பிடி வள்ளமொன்றில் ஏறி இங்கிலாந்துக்குத் தப்பினார். ஜோர்ஜ் மன்னன் அவரைத் தன் கியூ மாளிகையில் தங்கவைத்தான். அங்கிருந்து பெப்ரவரியில் ஒல்லாந்தக் குடியேற்றங்களுக்கெல்லாம் கடிதம் போனது: பிரெஞ்சுக்காரன் பிடிக்காமல் ஆங்கிலேயரை உள்ளே விடுங்கள். அந்தக் கடிதத்தோடு வந்தவர்கள் ஓகஸ்டில் திருகோணமலை, செப்ரெம்பர் 28இல் யாழ்ப்பாணம், ஒக்டோபர் 1இல் முல்லைத்தீவு என்று பிடித்துக்கொண்டு போனார்கள். முல்லைத்தீவுக் கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தவருக்குக் கொடி ஏன் மாறியது என்று யார் சொல்லியிருப்பார்கள்?

முதலில் சென்னையிலிருந்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கொம்பனி ஆண்டது. தென்னைமரத்துக்கு வரி போட்டு, 1797இல் குடிகளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டது. 1802இல் இலங்கைக் கரைப்பகுதிகள் முழுமையாக முடிக்குரிய குடியேற்றமாயின. 'முடிக்குரிய' என்ற சொல் எங்கள் தலையில் ஏறியது அப்போதுதான்.

அந்தச் சொல்லுக்குள் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். இலண்டனில் மூன்றாம் ஜோர்ஜ் நாடாளுமன்றத்தைக் கேட்காமல் ஒரு சத வரி போட முடியாது. ஆனால் போரில் வென்ற நாட்டில், அங்கே ஒரு சட்டசபையைத் தருவதாக வாக்குக் கொடுக்கும்வரை, மன்னன் தன் முத்திரையாலேயே சட்டம் செய்யலாம் என்று 1774இல் மான்ஸ்ஃபீல்ட் பிரபு ஒரு வழக்கில் சொல்லியிருந்தார். கரிபியன் கடலில் கிரெனடா என்ற தீவின் சீனி வரியைப் பற்றிய வழக்கு அது. அந்த வழக்கில் மன்னன் தோற்றான், ஏனென்றால் கிரெனடாவுக்கு முன்னமே வாக்குக் கொடுத்துவிட்டிருந்தான். இலங்கைக்கு அப்படி ஒரு வாக்கும் இல்லை. அதனால் சொந்த ஊரில் நூற்றைம்பது வருடமாகக் கழற்றிய அதிகாரம் அத்தனையும் இங்கே ஆளுநர் பிரெட்றிக் நோர்த்தின் பையில் வந்து இறங்கியது. ஐரோப்பிய மன்னர்களின் அதிகாரம் தேய்ந்தது என்று பள்ளிப் புத்தகம் சொல்வது அரைக் கதைதான். மீதி அரைக் கதை கப்பலேறிவிட்டது.

அந்த அதிகாரத்தோடு நேருக்கு நேர் மோதியவர் பண்டாரவன்னியன். 1803 யூனில் கண்டியில் ஆங்கிலப் படை அழிந்தது. ஓகஸ்ட் 25இல் வன்னியனின் ஆட்கள் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்க, கப்டன் வொன் டிறிபேர்க்கின் காவற்படை வள்ளங்களில் ஏறி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. யாழ்ப்பாணம், மன்னார், திருகோணமலை என்று மூன்று பக்கமிருந்தும் படை திரட்டி வந்தார்கள். ஒக்டோபர் 31 விடியற்காலை, ஒட்டுசுட்டானுக்குப் பக்கத்தில் கற்சிலைமடுவில், அதே டிறிபேர்க் திடீரென்று பாய்ந்தார்.

அந்த இடத்தில் ஆங்கிலத்தில் வெட்டிய ஒரு நடுகல் இருந்தது. அது சொன்னது இவ்வளவே: இந்த இடத்தருகே கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார், தேதி இன்னது. தோற்கடித்தார் என்றுதான் கல் சொன்னது. கொன்றார் என்று சொல்லவில்லை. ஆனாலும் அந்தத் தேதியையே அவர் இறந்த நாளாகப் பலகாலம் சொல்லி வந்தோம். வென்றவன் வெட்டிய கல்லிலிருந்துதான் எங்கள் வீரனின் நாளைக் குறித்துக்கொண்டோம் என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஓகஸ்ட் 25ஐ வெற்றி நாளாகக் கொண்டாடுவது நல்ல திருத்தம்.

போர் பாட்டும் கூத்துமாக நினைவில் நிற்கிறது. பெரியம்மாவின் பேமிட்டுக்கு அந்தப் போர் காரணம் அல்ல. அதற்குக் காரணம், முப்பத்தேழு வருடம் கழித்து ஒரு துப்பாக்கியும் வெடிக்காமல் கொழும்பில் நிறைவேறிய கட்டளைச் சட்டம்: 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கம், முடிக்குரிய காணிகளில் அத்துமீறுவதைத் தடுப்பது. காடு, தரிசு, குடியில்லாத நிலம், பயிரில்லாத நிலம் எல்லாம் முடியின் சொத்து என்றே கொள்ளப்படும், மறுதலையாக நிரூபிக்கப்படும்வரை.

கடைசி இரண்டு சொல்லை ஆறுதலாகப் படியுங்கள். வில்லியம் மன்னன் 1086இல் ஊர் ஊராக ஆள் அனுப்பிக் கேட்டாவது பார்த்தான். இங்கே முடி எதையும் நிரூபிக்கத் தேவையில்லை. நிரூபிக்க வேண்டியவர் சேனை வெட்டியவர். ஒரு வருடம் வெட்டிச் சுட்டுக் குரக்கனும் எள்ளும் போட்டு, பிறகு பல வருடம் பற்றைக்கு விட்டு, மறுபடியும் வருவது சேனைப் பயிர்ச் செய்கை. விட்ட வருடங்களில் அந்த நிலம் சட்டத்தின் கண்ணுக்கு வெறும் காடு. குளம் உடைந்து சனம் பெயர்ந்த ஊர்கள் வன்னியில் எத்தனை! கோயிலடி மருதும் உடைந்த குளக்கட்டும் சாட்சி சொல்லும். நீதிமன்றத்துக்கு ஓலையும் சாசனமும் வேண்டும். பழைய கண்டி மன்னர்களுக்கு நிலமெல்லாம் சொந்தமாக இருந்தது, அவர்களின் இடத்தில் இப்போது நாங்கள் என்றும் ஒரு நியாயம் சொன்னார்கள். மறுபடியும் அதே செருப்பு.

சட்டம் வந்ததன் உண்மையான காரணம் மலைநாட்டுக் கோப்பி. ஏக்கர் ஐந்து சிலிங் என்று முடி நிலம் விற்க, வாங்கினவர்களில் பலர் அரச உத்தியோகத்தர்கள். ஆளுநர் ஸ்டுவார்ட் மக்கென்சியும் அவர்களில் ஒருவர். வன்னியில் கோப்பி வளராது. வலை கோப்பிக்கு விரித்தது. அகப்பட்டது வன்னிக் காடும் சேர்த்து. முதிரையும் பாலையும் கருங்காலியும் முடியின் மரங்களாயின. வீட்டு வளைக்கு ஒரு தடி தறிக்கவும் அனுமதி கேட்க வேண்டிய காலம் பிறந்தது.

பிறகு முடியே குடியேற்றியது. 1902இல் தொடங்கிய இரணைமடுக் குள வேலை 1920களின் தொடக்கத்தில் முடிந்தது. 1935இல் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வந்தது. முப்பதுகளின் நடுவில் கிளிநொச்சியில் குடியேற்றம் தொடங்கியது. பேமிட் அந்தச் சட்டத்தின் பிள்ளை. 1972 மே 22இல் நாடு குடியரசானதும் எலிசபெத் மகாராணி எங்களுக்கு ராணியாக இல்லாமல் போனார். சட்டங்களில் 'முடி' என்று நின்ற இடத்தில் 'அரசு' என்று மாற்றினார்கள். அளவை வரைபடத்தில் ஒரு கோடும் மாறவில்லை.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட மனமில்லை. ஐரோப்பிய முடியில் பலகாலம் ஆண்பிள்ளைக்கே முதலிடம் இருந்தது. அக்கா இருந்தாலும் தம்பிக்கு. பேமிட் காணியிலும், பின்னுரித்தாளரை எழுதி வைக்காமல் ஒருவர் இறந்தால், பிள்ளைகளுக்கு வரும்போது மகன்மார் முதலில், மகள்மார் பிறகு என்று 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணை சொன்னது. பிரித்தானிய முடி 2013இல் சட்டம் இயற்றி, 2015இலிருந்து ஆண் முன்னுரிமையை விட்டுவிட்டது. இரணைமடுவின் கீழுள்ள வயலுக்கு அந்த மாற்றம் 2022இல்தான் வந்தது.

பெரியம்மாவுக்கு மகள் மூத்தவர். பக்கத்தில் இருந்து பார்க்கிறவரும் அவர்தான். பேமிட்டின் பின்பக்கத்தில் பின்னுரித்தாளர் என்ற இடம் வெறுமையாகக் கிடந்தது. அடுத்த திங்கட்கிழமை பிரதேச செயலகத்தின் காணிக் கிளைக்கு இருவரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் பேமிட் இருந்தால் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். பின்னுரித்தாளர் பெயர் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் உரியவர் உயிரோடு இருக்கும்போதே பதியச் சொல்லுங்கள். 1972க்கு முந்திய பேமிட் என்றால், செலோரேப் ஒட்டாமல், இரண்டு பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள்.